ஒன்பது விம்மல்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை. இரண்டு புதினா இலை கிள்ளிப் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். காவல் நிலையத்துத் தேநீரில் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். உங்களுக்கு என் மூத்த மகன் வயசுதான் இருக்கும், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு வேண்டுகோள். பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறீர்களே ஆட்டுக்கொம்பு, அதன் பக்கத்தில் சூடான கோப்பையை வைக்காதீர்கள். சூடு கொம்புக்கு ஆகாது. இன்னொன்று, கொஞ்சம் வேகமாக எழுதுங்கள். பொழுது சாய்ந்தால் புத்தாண்டு பிறந்துவிடும். பிறந்த பிறகு எழுதக் கூடாது. நீங்கள் அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை என்று குல்லாய் இல்லாத வெறுந்தலையைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் நான் பேசப் பேச நீங்கள் பண்டிகையில் எழுதினால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு வரும். இருக்கிற பாவமே போதும்.

என் பெயர் ஷப்தாய். சந்தையில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் குர்திஸ்தானிலிருந்து வந்த யூதக் குடும்பங்களின் ஜெபக்கூடம் ஒன்று இருக்கிறது. சின்னதுதான், ஆனால் பழசு. அதில் புத்தாண்டுக்கு ஷோஃபார், அதாவது இந்த ஆட்டுக்கொம்பு, ஊதுவது நான். என் அப்பா ஊதினார், அவருக்குப் பிறகு நான். சம்பளம் கிடையாது. பண்டிகையின் இரண்டு நாளும், மேடையில் ஏறி, ஜெபச் சால்வையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு கொம்பை வாய்க்குக் கொண்டுபோகும்போது, முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சந்தையில் என்னிடம் கொழுப்பு அதிகம் என்று சண்டை போடுகிற பெண்கள்கூட மாடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். அதற்கு விலை போட முடியாது.

பள்ளிக்கூடத்தில் உங்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். முதலில் ஒரு நெடு ஊதல், வளையாமல் நெளியாமல். மனிதனைக் கடவுள் படைத்தபோது அவன் அப்படி இருந்தான். பிறகு மூன்று உடைந்த ஊதல். அது பெருமூச்சு, தான் செய்ததை நினைத்து விடுவது. அதற்கும் மேலே ஒன்பது விம்மல், சின்னச் சின்னதாக, தேம்பித் தேம்பி. முடிவில் மறுபடி நெடு ஊதல். உடைந்தவன் நிமிர்ந்துவிட்டான். மனந்திரும்புதல் என்று ரபிமார்கள் மணிக்கணக்கில் பேசுவதெல்லாம் அவ்வளவுதான். கொம்பு வளைந்திருப்பதும் அதற்காகத்தான், மனசும் அப்படி வளைய வேண்டும் என்று.

அந்த விம்மலைப் பற்றி ஒன்று சொல்வார்கள். சிசெரா என்ற எதிரிப் படைத்தலைவன் செத்துப்போனபோது அவன் தாய் ஜன்னலில் நின்று அழுதாளாம். அந்த அழுகையிலிருந்துதான் இதற்கு அளவு எடுத்தார்களாம். நம்மைக் கொல்ல வந்தவனின் தாய். அவள் அழுததைத்தான் நாம் நம் கடவுள் முன்னால் ஊதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது எப்போதும் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றியிருக்கிறது.

ஊதுகிறவனுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, அடுத்தது எது என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொடுப்பார். ஊதுகிறவன் மூச்சில் கவனமாக இருப்பதால் எண்ணிக்கை தவறிவிடும். அதைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஒரு விம்மல் குறைந்தாலும் திரும்ப ஊத வைப்பார். எங்கள் கூடத்தில் அது ஹஸ்கேல். சந்தையில் மசாலாக் கடை. என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவர். வலது காது போரில் குண்டு வெடித்துப் போய்விட்டது. மீதி இருந்த இடது காது மட்டும் ஊருக்கே போதும். ஜெபம் நடக்கும்போது கடைசி வரிசையில் எவனாவது மிட்டாய்க் காகிதம் பிரித்தால் திரும்பிப் பார்ப்பார்.

போன புத்தாண்டில், இரண்டாம் நாள், ஒன்பது விம்மல் முடித்துக் கொம்பை இறக்கினேன். அவர் என் முழங்கையில் கை வைத்து, "திரும்ப" என்றார். ஊதினேன். "திரும்ப" என்றார். மூன்றாம் தடவையும் சொன்னார், இந்தத் தடவை முன்வரிசைக்குக் கேட்கிற மாதிரி. "எட்டுதான்டா வருது. மூச்சை மிச்சம் புடிச்சு வை." யாரோ ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்தது. மாடியிலும் சிரிப்பு. நான் ஊதியது ஒன்பது. எனக்குத் தெரியும். ஜெபம் முடிந்து எல்லாரும் தேன் தொட்ட ஆப்பிள் துண்டுக்குப் போனார்கள். பின்கட்டில், கை கழுவும் குழாயடியில், எனக்கும் அவருக்கும் ஒரு பேச்சு நடந்தது. கொஞ்சம் தடித்த பேச்சு. இப்போதைக்கு அவ்வளவு எழுதிக்கொள்ளுங்கள், மிச்சத்துக்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஹஸ்கேலின் இடது காதும் போயிற்று. சீழ் வைத்துவிட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னார். வயசானால் இதெல்லாம் வரும் என்றார்கள். அவரும் தலையாட்டினார். கூடத்துக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து எல்லார் உதட்டையும் பார்த்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்க்கும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பார்.

அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, தம்பி. மனைவி சிம்ஹாவிடம்கூட. இதை நீங்கள் பெருந்தன்மை என்று நினைக்கலாம். நினைத்துப் பாருங்கள், சொல்லியிருந்தால் இரண்டு நாள் ஊர் பேசியிருக்கும், ரபி நடுவில் வந்திருப்பார், ஒரு வழியாக முடிந்திருக்கும். சொல்லாமல் மடியில் கட்டிக்கொண்டு வருஷம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் நான் கொடுமை என்பேன்.

எலூல் மாதம் பிறந்தது. புத்தாண்டுக்கு முந்தின மாதம், மனிதன் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டிய மாதம். கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் ரஹமிம் ஒரு நாள் கடைக்கு வந்தார். ஈரல் வாங்க வந்தவர் போல நின்று, கூட்டம் கலைந்ததும் விஷயத்தைச் சொன்னார். கொம்பு ஊதுகிறவன் சபையில் எல்லாருக்கும் சம்மதமானவனாக இருக்க வேண்டும், ஒருவர் மறுத்தாலும் மேடை ஏற முடியாது. அது எங்கள் கூடத்து வழக்கம். ஹஸ்கேல் மறுத்திருக்கிறார்.

"நீ போய் மன்னிப்புக் கேக்கணுமாம். எதுக்குன்னு கேட்டா, அது ஷப்தாய்க்குத் தெரியும்ங்கறாரு" என்றார் ரஹமிம். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னய்யா அப்படி?"

எண்ணிக்கைத் தகராறு என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஈரலைக் கட்டச் சொன்னார்.

மன்னிப்புக் கேட்பதற்கு விதி இருக்கிறது. கடவுளுக்கு எதிராகச் செய்ததைக் கடவுள் மன்னிப்பார். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் மன்னிக்கும்வரை அவர் தொட மாட்டார். மூன்று பேரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். மறுத்தால் மறுபடி, பிறகு மறுபடி. மூன்றாம் தடவையும் மறுத்தால் கேட்டவன் விடுபட்டான், பாரம் மறுத்தவன் தலையில். நான் எல்லாவற்றையும் விதிப்படிதான் செய்தேன். இதைத் தனியாகக் கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை மசாலாக் கடையில். சந்தைக்காரர்கள் மூன்று பேர் கூட வந்தார்கள். அவர் சீரகம் அளந்துகொண்டிருந்தார். தெரிந்தும் தெரியாமலும் உங்களை நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்றேன். இந்த நாட்களில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிற வாசகம்தான். அவர் என் வாயையே உற்றுப் பார்த்தார்.

"மீசையை வெட்டிட்டு வாடா. உதடே தெரியல."

மூன்று சாட்சிகளும் சிரித்தார்கள். எதிர்க்கடை மீன்காரனும் சிரித்தான். நான் மீசையை வெட்டினேன், தம்பி. என் மனைவி ஜமிலா கண்ணாடி முன்னால் நின்ற என்னைப் பார்த்து, முகத்தில் பாதி காணோமே என்றாள்.

இரண்டாம் தடவை சாட்சிகளோடு அவர் வீட்டுக்கே போனேன். சிம்ஹா எங்களுக்குப் பேரீச்சம்பழப் பணியாரம் வைத்தாள். அதே வாசகத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"நோகடிச்சிருந்தா-ங்கறே. நோகடிச்சியா இல்லையா?" என்றார் ஹஸ்கேல். காது போனவர்கள் குரல் எப்படி ஏறி இறங்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெருவே கேட்டிருக்கும். "குழாயடியில என்ன செஞ்சேன்னு உன் வாயால சொல்லு. ஒரே வாக்கியம். சொல்லிட்டா நான் அந்த நிமிஷமே மன்னிச்சேன். மாட்டேன்னா, பணியாரம் தின்னுட்டுக் கிளம்பு."

சாட்சிகள் என் முகத்தைப் பார்த்தார்கள். சிம்ஹா தட்டைக் கையில் பிடித்தபடி பார்த்தாள். நான் ஒரு பணியாரம் தின்றேன், கிளம்பினேன். வீட்டில் ஜமிலாவும் அவர் பக்கமே பேசினாள். "என்னவோ ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டு வந்து சேருங்க. சூப் ஆறுது." பெண்களுக்கு எல்லாமே சூப் ஆறுவதற்குள் முடிந்துவிட வேண்டும்.

மூன்றாம் தடவை புதன்கிழமை காலை, ஜெபக்கூடத்தில், எல்லார் முன்னாலும். நான் கண்ணீர்கூட விட்டேன். அவர் இந்தத் தடவை பேசவே இல்லை. ஒரு விரலால் தன் காதைத் தொட்டார், பிறகு அந்த விரலை என் உதட்டுக்கு நேராக நீட்டினார். காத்துக்கொண்டிருந்தார். நான் பழைய வாசகத்தையே திரும்பச் சொன்னேன். அவர் தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

மூன்று முடிந்தது, நான் விடுபட்டேன் என்று ரஹமிமிடம் சொன்னேன். ரஹமிம் தாடியைத் தடவினார். "பாவத்துலேர்ந்து விடுபட்டே, வாஸ்தவம். மேடைக்கு அது போதாதே. அவரு உசுரோட இருந்து மறுக்கறவரைக்கும் நான் என்ன பண்ணட்டும்? இந்த வருஷம் வேத பாடசாலைப் பையன் ஒருத்தன் ஊதட்டும்." அந்தப் பையன் ஊதி நான் கேட்டிருக்கிறேன். நகராட்சிப் பேருந்து ஹாரன்தான். அவன் என் அப்பா நின்ற இடத்தில் நிற்கப் போகிறான்.

அன்று சாயங்காலப் பிரசங்கத்தில் ரபி மன்னிப்பின் விதிகளைத்தான் விளக்கினார். எலூலில் எல்லா ரபிமாரும் அதைத்தான் விளக்குவார்கள். நோகடிக்கப்பட்டவன் செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கும் வழி இருக்கிறது. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவன் கல்லறைக்குப் போக வேண்டும். கடவுளுக்கும் இந்த மனிதனுக்கும் விரோதமாக இன்ன பாவம் செய்தேன் என்று பெயர் சொல்லி அறிக்கை செய்ய வேண்டும். மன்னிக்கப்பட்டது, மன்னிக்கப்பட்டது, மன்னிக்கப்பட்டது என்று பத்துப் பேரும் சொல்வார்கள். அதோடு தீர்ந்தது. இந்த விதியை நான் கண்டுபிடிக்கவில்லை, தம்பி. கூடம் முழுக்க உட்கார்ந்திருந்து கேட்டது. நான் மட்டும்தான் அதைக் கவனமாகக் கேட்டேன் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் நெரியும். கையாட்களிடம் விட்டுவிட்டு முற்பகலில் கிளம்பினேன். கூடத்துக்குக் கீழே நிலவறையில் முழுக்குக் குளம் இருக்கிறது. பாவமும் தீட்டும் கழிய ஓய்வுநாளுக்கு முன்னால் ஆண்கள் அங்கே முழுகுவார்கள். சாவி ஹஸ்கேலிடம். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் படிகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு முதல் ஆளாக அவர் முழுகிவிடுவார். அது ஊருக்கே தெரியும்.

கதவு கிறீச்சிட்டது. அவர் திரும்பவில்லை. மார்பளவு தண்ணீரில், எனக்கு முதுகு காட்டி நின்றார். வயசான முதுகு, தோல் மடிப்பு மடிப்பாக இருந்தது. பையிலிருந்து கொம்பை எடுத்தேன். எலூலில் அது எப்போதும் என்னிடம்தான் இருக்கும். யாரும் கேட்காததால் பையிலேயே கிடந்தது. கடைசிப் படியில் நின்று ஊதினேன். நெடு ஊதல், மூன்று உடைந்தது, ஒன்பது விம்மல், நெடு ஊதல். கல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. என் வாழ்நாளில் நான் ஊதியதில் அதுதான் சுத்தமானது. ஒன்பதும் ஒன்பதாக இருந்தது. முழங்கையில் கை வைக்க யாரும் இல்லை.

காது கேட்காதவர் எப்படித் திரும்பினார் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

"தண்ணி நடுங்குச்சு" என்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பொய் சொல்லவில்லை, மலர்ந்தது. "தனியா வந்திருக்கியா? சொல்லத்தான் வந்தியா? அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி உன்னை நிக்க வச்சது தப்புடா. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. சொல்லு, இங்க யாரு இருக்கா. எனக்கும் கேக்காது, உதட்டை அசைச்சாப் போதும். அசைச்சுட்டு மேல போய் ரஹமிம்கிட்ட நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு. நானும் வந்து சொல்றேன்."

நான் யோசித்துப் பார்த்தேன், அவசரப்படவில்லை. முதலாவது, சாட்சி இல்லை. இரண்டாவது, குளிக்கும் இடத்தில், அம்மணமாக நிற்கிற ஒருவர் முன்னால், புனிதமான எதையும் பேசக் கூடாது. அதுவும் விதிதான். மூன்றாவது, உதட்டை அசைத்தால் போதும் என்கிறார். போதுமா? இவரே மேடையில் எட்டு போதாது என்றவர்.

"கை குடு, ஏறி வர்றேன்" என்று கையை நீட்டினார்.

இடது கையைக் கொடுத்தேன். வலது கையில் கொம்பு இருந்தது. அதன் அகன்ற பக்கம் கனமானது, நீங்களே தூக்கிப் பார்க்கலாம். முதல் அடி நெற்றிப் பொட்டில் விழுந்தது. அவர் "ஏய்" என்றார், ஆச்சரியப்பட்டவர் மாதிரி. பின்னால் சாயப் பார்த்தார், நான் அவர் கையை விடவில்லை. கறிக்கடைக்காரன் பிடி. இரண்டாவது அடியில் மூக்கெலும்பு உடைந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. அவர் மறு கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், நானும் தண்ணீருக்குள் இறங்க வேண்டியதாயிற்று. காலணியோடு இறங்கியதில் எனக்குச் சங்கடம்தான். அவர் தலையின் பின்பக்கம் கல்படியின் விளிம்பில் மோதியது. மோதியது என்றா சொன்னேன்? தாடியைப் பிடித்துத் திரும்பத் திரும்ப மோதியது நான். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். எண்ணுவது எப்போதும் அவர் வேலை.

பிறகு தோள்மேல் முழங்காலை ஊன்றித் தண்ணீருக்குள் அழுத்தினேன். அந்த வயசுக்கு நல்ல பலம். நகம் என் தொடையைக் கீறியது, டாக்டர் பார்த்து எழுதியிருப்பார். முழுக்குக் குளத்தில் ஒரு மயிர்கூடத் தண்ணீருக்கு மேலே தெரியாமல் முழுக வேண்டும். தெரியவில்லை. அதையும் பார்த்துக்கொண்டேன்.

மாற்று உடுப்பு பையில் இருந்தது. இதை மட்டும் எப்படி முன்யோசனையோடு வைத்தீர்கள் என்று சற்று முன் கேட்டீர்கள். கறிக்கடைக்காரன் பையில் மாற்று உடுப்பு எப்போதும் இருக்கும், தம்பி. கடைக்குத் திரும்பி மத்தியானம்வரை கறி வெட்டினேன். ஓய்வுநாள் குழம்புக்கு நெஞ்செலும்பு வேண்டும் என்று சிம்ஹா சொல்லிவைத்திருந்தாள். நல்லதாகப் பார்த்து எடுத்துக் கட்டி வைத்தேன்.

வயசானவர், காது கேட்காதவர், ஈரப் படியில் வழுக்கிவிட்டார் என்றார்கள். உடலை அறுத்துப் பார்க்க எங்கள் வீடுகளில் சம்மதிக்க மாட்டார்கள். ஓய்வுநாள் தொடங்குவதற்குள் மலைச் சரிவில் அடக்கம் செய்தாக வேண்டும் என்ற அவசரம் வேறு. பாடையின் ஒரு முனையை நானும் தூக்கினேன். மண் விழுந்தபோது சிம்ஹா அழுதாள். முதலில் நீளமாக ஒன்று, பிறகு உடைந்து உடைந்து, பிறகு விம்மல். ஒரே அளவாக, மூச்சு அறுபடாமல், ஒன்பது. நான் எண்ணினேன். ஹஸ்கேலே நின்றிருந்தாலும் திரும்பச் சொல்லியிருக்க மாட்டார்.

ஏழு நாள் துக்கத்திலும் நான் தினமும் போனேன், தரையில் அவர்களோடு உட்கார்ந்தேன். துக்கம் முடிந்த கையோடு ரஹமிமிடம் பத்துப் பேர் வேண்டும் என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று தடவை மறுத்தவரின் கல்லறைக்கும் போகிறாயே, உன் மாதிரி மனசு யாருக்கு வரும் என்றார். இன்று காலை, பண்டிகைக்கு முந்தின நாள், எல்லாரும் தங்கள் தங்கள் பெரியவர்களின் கல்லறைக்கு மலை ஏறுகிற நாள். பத்துப் பேரும் வந்தார்கள். சிம்ஹாவும் வந்து சற்றுத் தள்ளி நின்றாள். பாவத்தைப் பெயர் சொல்லித்தான் அறிக்கை செய்ய வேண்டும், பொதுவாகச் சொன்னால் செல்லாது. சொன்னேன். குழாயடி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன் என்றேனே, அது இதுதான். அங்கே சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"இஸ்ரவேலின் தேவனுக்கும் இங்கே கிடக்கிற ஹஸ்கேலுக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன். போன புத்தாண்டில், குழாயடியில், ஆட்டைப் பிடிப்பதுபோல அவர் கழுத்தை என் கக்கத்தில் இறுக்கினேன். நல்ல காதின்மேல் இந்தக் கொம்பின் அகன்ற வாயை இடைவெளி இல்லாமல் அழுத்தி வைத்து, மறுமுனையில் என் முழு மூச்சையும் விட்டு ஊதினேன். இப்போ எண்ணு, எட்டா ஒன்பதா என்று கேட்டேன். அவர் ஒன்பது என்றார். பொய் சொல்கிறாய் என்று மறுபடி ஊதினேன். காதிலிருந்து இரத்தம் கொம்புக்குள் வடிகிறவரை ஊதினேன். அவர் கடைசியில் எதுவும் சொல்லவில்லை. அவருக்குக் கேட்கவில்லை."

ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது, தம்பி. வருஷம் முழுக்கத் தொண்டையில் நின்ற வாக்கியம். அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு எதிரே இல்லாததால் எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா. சொன்ன வேகத்தில் நிலவறையில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லாமல் விட்ட பாவம் மன்னிப்பில் சேராது. பத்துப் பேரையும் இன்னொரு தடவை மலை ஏற வைப்பதும் நியாயம் இல்லை.

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றேன். மூன்று தடவை மன்னிக்கப்பட்டது என்று அவர்கள் சொல்ல வேண்டும். காத்திருந்தேன். காற்றடித்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் சொல்ல வேண்டிய கட்டம் இது என்று ஞாபகப்படுத்தினேன். ரஹமிம் கல்லறைமேல் வைக்கக் கையில் வைத்திருந்த கூழாங்கல்லைக் கீழே போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். காவல் நிலையத்துக்கு அழைத்தார். சிம்ஹாதான் பேசினாள், என்னிடம் அல்ல, கல்லறையிடம்.

"காதைக் கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னீங்களே. வருஷம் பூரா அதையேதானே சொன்னீங்க."

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். இவ்வளவுதான்.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, இல்லாமல் எப்படி. உறையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். அகன்ற பக்கத்தில், விளிம்பிலிருந்து நீளவாக்கில், மயிரிழைபோல ஒரு கோடு தெரிகிறதா? விரிசல். நீளவாக்கில் விரிந்த கொம்பு ஊத உதவாது. என் அப்பா வைத்திருந்த கொம்பு. நிலவறையிலேயே கழுவித் துடைத்துப் பார்த்தேன், அப்போது கண்ணில் படவில்லை. நாளைக்கு அந்தப் பையன் வேறு ஏதோ கடைக் கொம்பில் ஊதப் போகிறான்.

வெளிச்சம் மங்குகிறது, பேனாவை வைக்கும் நேரம் வந்துவிட்டது. கடைசியாக ஒரு வரி மட்டும், விட்டுவிடாதீர்கள். பத்துப் பேர் பேசாமல் நின்றது அவர்கள் பாவம், அவர்கள் பதில் சொல்லிக்கொள்ளட்டும். ஹஸ்கேலிடம் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் மறுத்தார். இன்று காலை நான்காவது தடவை கேட்டேன். அவர் மறுக்கவில்லை.